நான்கு தட்டு, இரண்டு பாதி, ஒரு பட்டை: சீன மடிப்புப் பாவாடையின் மரபு எதில் இருக்கிறது?

2024 பிப்ரவரியில் சீனாவில் டிராகன் ஆண்டு பிறந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் ஷான்டோங் மாகாணத்துச் சாவ் வட்டத்தின் புத்தாண்டு மரபுடை விற்பனை 30 கோடி யுவானைத் தாண்டியதாகச் சீன ஊடகங்கள் எழுதின. அந்தச் சந்தையில் அதிகம் பேசப்பட்டது ஒரு பாவாடை. இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. முன்னும் பின்னும் தட்டையாக, இரு பக்கமும் மடிப்பு மடிப்பாக விழுவது. சீனத்தில் ‘மாமியன்சுன்’ என்பார்கள். நாம் குதிரைமுகப் பாவாடை என்று சொல்லலாம். ஏறக்குறைய நூறாண்டு பெட்டியிலும் அருங்காட்சியகத்திலும் கிடந்த உடுப்பு, இன்று மெட்ரோ ரயிலிலும் அலுவலகத்திலும் பட்டமளிப்பு விழாவிலும் சர்வசாதாரணமாகத் தென்படுகிறது.

பழைய உடை திரும்பி வந்தால் சச்சரவும் கூடவே வரும். எது அசல், மிங் அரச வம்சத்துக் காலத்து அளவா, அதற்குப் பின்வந்த சிங் வம்சத்துக் காலத்து வேலைப்பாடா? ஆலையில் நெய்த பாலியெஸ்டரில் தைத்தால் அது மரபுடையா? அதே வெட்டில் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றைத் தைத்து விற்றால் அது களவா? கல்லறைகளில் எடுத்த துணி, பழைய குறிப்பேடுகள், தையல் மேசையின் கணக்கு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து இக்கேள்விகளைப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாவாடையில் நிலைத்து நின்றது வெட்டும் தையலும்தான். துணி, நிறம், பூவேலை, மடிப்பின் எண்ணிக்கை, யார் எதை உடுத்தலாம் என்ற விதி ஆகிய எல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கின்றன.

அமைப்பு

பாவாடை என்று சொன்னாலும் இது குழாய் போல மூடித் தைத்ததல்ல. தனித்தனியான இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு ஓரங்கள் மடிப்பில்லாத தட்டுகள், நடுப்பகுதி முழுக்க மடிப்பு. இரண்டு பாதிகளையும் ஒரே இடுப்புப் பட்டையில் ஏற்றும்போது, முதல் பாதியின் கடைசித் தட்டின்மேல் இரண்டாம் பாதியின் முதல் தட்டு ஏறி நிற்கும். உடுத்தும்போது அது முதுகுப்பக்கம் போய்விடும்; மிச்சமிருக்கும் இரண்டு தட்டுகள் வயிற்றுக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஆக இருப்பது நான்கு தட்டு, கண்ணுக்குத் தெரிவது இரண்டு. இந்தத் தட்டுக்குத்தான் குதிரைமுகம் என்று பெயர். கோட்டை மதிலில் இருந்து வெளியே துருத்தி நிற்கும் காவல்மேடையையும் சீனத்தில் அப்படியே அழைப்பார்கள்.

புடவையில் கொசுவம் கட்டும் நேரத்தில் பிறந்து அவிழ்க்கும் நேரத்தில் போய்விடுகிறது. இதில் மடிப்பு தைக்கும்போதே பட்டைக்குள் பூட்டப்பட்டுவிடுகிறது. முன்னும் பின்னும் தட்டுகள் தைக்கப்படாமல் திறந்திருப்பதால் கால் எட்டிப் போட இடம் கிடைக்கிறது. ஆனால் தட்டின்மேல் தட்டு படிந்திருப்பதால் திறப்பு வெளியே தெரிவதில்லை. இந்த ஏற்பாட்டைத்தான் இந்தப் பாவாடையின் உயிர் என்று கொள்ள வேண்டும்.

வேர்கள்

சுற்றிக் கட்டும் பாவாடை சீனாவில் மிகப் பழையது. சாங்ஷா நகரத்து மவாங்துயியில் 1972இல் திறக்கப்பட்ட, கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘டாய் சீமாட்டி’ ஷின் சுய்யின் கல்லறையில் இரண்டு பட்டுப் பாவாடைகள் கிடைத்தன. மேலே குறுகிக் கீழே விரியும் நான்கு துண்டுகளை இணைத்து, பட்டை வைத்து, கட்ட நாடாவும் விட்டிருக்கிறார்கள். மடிப்பு மட்டும் இல்லை. மடிப்பின் பிறப்பைப் பற்றி வழங்கும் கதை ஹான் வம்சத்து அரசி சாவ் ஃபெய்யனுடையது. காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்ததாம்; தாதியர் பாவாடையை இறுகப் பிடித்துக்கொள்ள, கசங்கிய அந்தக் கோடுகள் அழகாகப் பட்டு நாகரிகம் ஆயினவாம். பிற்காலப் புனைவில் வரும் கதை இது. சுவையானதுதான், சான்றாகாது.

உறுதியான சான்று சோங் காலத்தில் கிடைக்கிறது. ஃபூசோவில் 1975இல் அகழப்பட்ட, 1243இல் இளம் வயதிலேயே இறந்த ஹுவாங் ஷெங் என்ற பெண்ணின் கல்லறையில் ஏராளமான பட்டாடைகள் இருந்தன. அவற்றில் நெருக்கமான மடிப்பு வைத்த பாவாடையும் உண்டு, ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு துண்டுப் பாவாடையும் உண்டு. பிற்காலத்தில் ஒரே உடுப்பில் சேரப்போகும் இரண்டு உத்திகள் அங்கே தனித்தனியாகக் கிடக்கின்றன. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜியாங் ஷியூஃபூவின் குறிப்பேடு இன்னொரு தகவலைத் தருகிறது. கழுதைமேல் ஏறிப் போக வசதியாக முன்னும் பின்னும் திறப்பு விட்ட பாவாடையைத் தலைநகர் கைஃபெங்கின் கணிகையர் உடுத்தத் தொடங்கினர். கற்றோர் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துப் பின்பற்றினர் என்கிறார், கொஞ்சம் முகம் சுளித்தபடி. இன்று குலப்பெருமையின் அடையாளமாகக் காட்டப்படும் அமைப்பின் மூதாதை, தெருவில் சவாரிக்காகப் பிறந்தது.

‘குதிரைமுகம்’ என்ற சொல் எழுத்தில் தென்படுவது ஆண் உடையை ஒட்டி. மிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் அரண்மனைப் பணியாளராக இருந்த லியூ ருவோயூ, ‘யேசா’ என்ற ஆண் அங்கியை விவரிக்கும்போது, இடுப்புக்குக் கீழே நடுவில் குதிரைமுகமும் அதில் இருந்து இருபக்கமும் கிளம்பும் மடிப்புகளும் இருக்கும் என்று எழுதுகிறார். அந்த அங்கியின் முன்னோடி யுவான் காலத்து மங்கோலியக் குதிரை வீரர்களின் உடை. 1485இல் வரையப்பட்ட, மிங் பேரரசர் செங்குவா விளக்குத் திருவிழாவைக் கண்டு களிக்கும் நீண்ட ஓவியத்தில் இப்படிப்பட்ட மடிப்பு அங்கியோடு பேரரசரையும், பாவாடை அணிந்த அரண்மனைப் பெண்களையும் சேர்த்துப் பார்க்கலாம். அதே பேரரசரின் காலத்தில் கொரியாவில் இருந்து குதிரை மயிரில் நெய்த உள்பாவாடை பெய்ஜிங்குக்கு வந்தது. மேலே உடுத்துவதைக் குடை போல விரித்துக் காட்ட ஆண்களே அதை வாங்கி உடுத்தினார்கள். உயர் அமைச்சர்களும் விலக்கல்ல. அடுத்த பேரரசர் வந்ததும் தடை விழுந்தது. கணிகையர், மங்கோலியர், கொரியர் என்று பலரிடம் இருந்து எடுத்துக்கொண்டதும் இந்த உடையின் வரலாற்றில் அடக்கம்.

மிங்கில் இருந்து சிங்குக்கு

மிங் பாவாடைகளின் நிறத்தை இன்றும் பார்க்க முடிவதற்குக் காரணம் சூஃபூவில் உள்ள கன்பூசியஸ் வழித்தோன்றல்களின் மாளிகை. அங்கே உடைகள் மண்ணுக்குள் போகாமல் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் காக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான வெங்காயத்தாள் பச்சை நிற மெல்லிய பட்டுப் பாவாடை இப்போது ஷான்டோங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தறியிலேயே நெய்த நாகம் போன்ற உருக்கள், கிடைமட்டப் பட்டைகளாகப் பாவாடையைச் சுற்றி ஓடுகின்றன. மிங் பாணியின் இலக்கணம் இதுதான். அழகு கரைகளில் இருக்கும். மடிப்புகள் அகலமாக, பட்டைக்குக் கீழே எங்கும் தைக்கப்படாமல் தாராளமாக விழும்.

மடிப்பு பெருகியது மிங்கின் இறுதியில். முன்பு ஆறு தறியகலத் துணியை இணைத்துத் தைத்தவர்கள் எட்டுக்குப் போனார்கள், இடுப்பில் சின்னஞ்சிறு மடிப்புகள் பல பத்து ஏறின என்று ஷாங்காய்ப் பகுதியைச் சேர்ந்த யே மெங்சூ எழுதி வைத்திருக்கிறார். பிறகு பத்து அகலமும், மடிப்புக்கொரு நிறமும் வந்தன. இதைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசியவர் நாடக ஆசிரியர் லி யூ. 1671இல் வெளிவந்த தம் வாழ்க்கை ரசனை நூலில் அவர் அழகை விட நடையைத்தான் முதலில் வைக்கிறார். மடிப்பு நிறைய இருந்தால் கால் தடையில்லாமல் எட்டி நடக்கலாம். குறைந்தால் விலங்கு மாட்டியது போலத்தான். வீட்டுக்கு எட்டு அகலம் போதும், நாலு பேர் முன்னால் போக பத்து வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரே மடிப்புக்குள் ஐந்து நிறம் காட்டும் ‘நிலவொளிப் பாவாடை’யை அவர் ஏற்கவில்லை. சாதாரணப் பாவாடையைப் போலப் பத்து மடங்கு செலவு, பார்க்கவும் அப்படியொன்றும் அழகில்லை என்று தள்ளிவிடுகிறார்.

1644இல் மஞ்சூக்களின் சிங் வம்சம் ஆட்சிக்கு வந்தபின் ஆண்களின் உடையும் முடியும் கட்டாயமாக மாற்றப்பட்டன. பெரும்பான்மை இனமான ஹான் பெண்கள் பாவாடையோடு தொடர்ந்தார்கள். மஞ்சூப் பெண்களின் அன்றாட உடையோ நீண்ட அங்கி. சிங் காலத்தில் தட்டு ஒடுங்கியது, பூத்தையல் அதன்மேல் வந்து குவிந்தது. மடிப்பின் ஓரங்களில் கறுப்பு நாடா ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ‘மீன்செதில்’ பாவாடைதான் தையல்திறனின் உச்சம். பக்கத்துக்கு ஐம்பது, அதற்கும் மேல் என்று நூலளவு மடிப்புகளை வைத்து, அடுத்தடுத்த மடிப்புகளைப் பட்டு நூலால் இடைவெளி விட்டு மாற்றி மாற்றிப் பிணைப்பார்கள். நிற்கும்போது தட்டையாக இருக்கும். நடக்கும்போது மடிப்பு பிணைத்த இடங்களுக்கு நடுவே மட்டும் திறந்து செதில் செதிலாகக் காட்டும். அதே பிணைப்பு பாவாடையை விரியவிடாமல் பிடித்தும் வைக்கும். நடந்தால் பாவாடை அசையக் கூடாது என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த காலம் அது, பெண்ணின் பாதத்தை இறுக்கிக் கட்டிய காலம். லி யூ நடைக்காகப் புகழ்ந்த மடிப்பு, இருநூறாண்டில் நடையைக் கட்டுப்படுத்தும் கருவியாகவும் ஆகிவிட்டது.

நிறத்திலும் அதிகாரம் இருந்தது. சிவப்புப் பாவாடை மூத்த மனைவிக்கு உரியது, துணை மனைவி அதை உடுத்தக் கூடாது, கைம்பெண்ணுக்குக் கறுப்பு. இன்று கடையில் சிவப்பு மாமியன்சுன் வாங்கும் பெண் இந்த விதியைக் கேட்டால் சிரிப்பாள். சிரிக்கட்டும், மரபு என்று நாம் சொல்வதில் எதை விட்டுவிட்டோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மறைவு

பேரரசு விழுந்தவுடன் பாவாடை மறையவில்லை. 1912 அக்டோபரில் குடியரசு வெளியிட்ட உடைச் சட்டம், பெண்களின் விழா உடையாக நீண்ட மேலங்கியையும் பாவாடையையும் விதித்தது. நடுவில் முன்னும் பின்னும் தட்டை, இருபக்கமும் மடிப்பு, மேலே கட்ட நாடா என்று அதில் வருவது குதிரைமுகப் பாவாடையின் இலக்கணமேதான். ஆனால் மாணவிகள் பூவேலை இல்லாத கறுப்புப் பாவாடைக்குப் போனார்கள், 1920களில் ‘சிபாவ்’ என்ற ஒற்றை அங்கி எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. ஹாங்காங், குவாங்டோங் பகுதிகளின் மணப்பெண் உடையில் மட்டும் பொன்னிழைப் பூவேலை நிறைந்த மேலங்கியும் பாவாடையும் தொடர்ந்தன.

ஹான் அல்லாதாரின் மடிப்புப் பாவாடைகளுக்கு வரலாறு வேறு. குய்சோவின் மியாவ் பெண்கள் நீலம் தோய்த்த துணியை விரல்நுனியால் நூற்றுக்கணக்கான மடிப்பாக மடித்து, நூலோட்டி இறுக்கி, மர உருளையைச் சுற்றிக் கட்டி உலர வைப்பார்கள். அங்கே மடிப்பு துணியிலேயே படிகிறது, வெட்டைச் சார்ந்ததல்ல. இரண்டையும் ஒரே ‘சீன மடிப்புப் பாவாடை’ என்ற பெயருக்குள் அடைப்பது இரண்டுக்குமே அநியாயம்.

தையல் மேசையில்

இனி கணக்கு. இடுப்பு 70 செ.மீ., தட்டின் அகலம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்தட்டு 20, பின்தட்டு 20 போக மிச்சம் 30. பக்கத்துக்கு 15 செ.மீ.; அத்தனை மடிப்பும் அதற்குள் அடங்க வேண்டும். கீழ்ச்சுற்று மொத்தம் 4 மீட்டர் என்றால் ஒரு பாதிக்கு 200 செ.மீ. துணி. இரு தட்டுகளுக்கு 40 போனால் மடிக்கக் கிடைப்பது 160. எட்டு மடிப்பு வைத்தால் ஒரு மடிப்புக்கு 20 செ.மீ. துணி. அதில் இடுப்பருகே வெளியே தெரிவது 2 செ.மீ.க்கும் குறைவு, ஏறக்குறைய 18 உள்ளே ஒளிந்துவிடும். பட்டையின் நீளம் 70 அல்ல, 90. தட்டு தட்டின்மேல் ஏற வேண்டுமானால் ஒரு தட்டின் அகலம் கூடுதலாக வேண்டும். ஓரம் மடிக்க விடும் துணி இந்தக் கணக்கில் சேராது.

மடிக்கும் திசையும் முக்கியம். முன்தட்டை அடுத்த மடிப்புகள் பின்னோக்கியும், பின்தட்டை அடுத்தவை முன்னோக்கியும் போய், விலாவுக்கு நேர்கீழே எதிரெதிராகச் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் மேலே ஆழமாக, கீழே வர வரக் கொஞ்சம் குறைவாக மடிக்கப்பட வேண்டும். மேலே 2 செ.மீ. தெரிந்தால் அடியில் 4, 5 தெரியலாம். அப்போதுதான் இடுப்பில் ஒட்டிக் கீழே விரியும். மேலும் கீழும் ஒரே அளவு மடித்தால் பாவாடை பீப்பாய் போல நிற்கும். எனவே வேலை கீழே இருந்து தொடங்குகிறது. முதலில் அடியோரமும் பக்க ஓரங்களும், பிறகு மடிப்புக் கோடு குறிப்பது, இஸ்திரி போடுவது, நூலோட்டிப் பிடித்து வைப்பது. பட்டை கடைசியில்தான். உள்ளே போகும் தட்டை அரை செ.மீ. மேலே ஏற்றித் தைத்தால் நடக்கும்போது அது அடியில் எட்டிப் பார்க்காது.

பழைய பாவாடைகளில் உடல் பட்டாக இருந்தாலும் பட்டை பருத்தியாகவே இருக்கும், பெரும்பாலும் வெள்ளை. தம்பதியர் தலை நரைக்கும்வரை சேர்ந்து வாழ வேண்டும் என்ற வாழ்த்து அதில் இருப்பதாகச் சொல்வார்கள். தையல்காரரின் காரணம் எளியது. பட்டு வழுக்கும், பருத்தி இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். மேலங்கி மூடிவிடுவதால் பட்டை யார் கண்ணிலும் படாது. இப்போது சட்டையைப் பாவாடைக்குள் செருகி உடுத்துகிறார்கள். பட்டை வெளியே தெரிகிறது. அதனால் அதற்கும் மேல்துணியின் நிறமும் பூவும் வந்துவிட்டன.

துணியில் மாற்றம் இன்னும் பெரிது. நான்ஜிங்கின் ‘மேகப்பட்டு’ நெசவு 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பெரிய தறியில் இரண்டு பேர் நாள் முழுக்க உட்கார்ந்தால் 5, 6 செ.மீ. நெய்யலாம், ஒரு மீட்டருக்கே 17 முதல் 20 நாள். இன்றைய ஜக்கார்டு ஆலை, அடிக்கரையும் அதற்கு மேல் வரும் பூவும் பாவாடையின் உயரத்துக்குச் சரியாக அமையும்படி ஜரிகை கலந்த துணியை நெய்து தள்ளுகிறது. தையல்காரர் துணியைக் கிடையாகத் திருப்பி, 4 மீட்டரோ 6 மீட்டரோ வாங்கி, நேராக மடிக்கத் தொடங்கலாம். பழைய ஜரிகையில் பொன்தகட்டைத் தாளில் ஒட்டிக் கீறிய இழை இருந்தது. புதியதில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. மினுக்கு அதேதான், விலை மிகக் குறைவு.

உடுத்தும்போது

பட்டையின் நடுவை முதுகில் வைத்து, ஒரு பாதியை முன்னால் சுற்றி, அதன்மேல் மறுபாதியைப் போட்டு, நாடாவை ஒரு சுற்றுக்கு மேல் ஓட்டி விலாப்பக்கம் முடிச்சுப் போட வேண்டும். வயிற்றுக்கு நேர்நடுவில் தட்டு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் கடைசி வேலை. உள்ளே காற்சட்டையோ உள்பாவாடையோ அவசியம்; காற்று அடித்தால் திறப்பு திறப்பாகவே இருக்கும். உட்காரும்போது பின்தட்டைக் கையால் நீவி, மடிப்புகளைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட வேண்டும். எஸ்கலேட்டரிலும் சைக்கிளிலும் அடியோரத்தைக் கையில் பிடித்துக்கொள்வதே புத்தி. அவிழ்த்தபின் மடிப்பின் போக்கிலேயே சேர்த்துப் பட்டையைக் கவ்வித் தொங்கவிட்டால் அடுத்த முறை இஸ்திரிக்கு வேலை குறையும். ஒருமுறை இந்தப் பழக்கங்கள் வந்துவிட்டால் இதற்கு ஒரு பெரிய லாபம் உண்டு. சுற்றிக் கட்டுவதால் உடல் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தட்டு சற்று நகர்ந்து இடம் கொடுக்கும். தாயுடையதை மகள் பிரிக்காமலே உடுத்தலாம்.

மீட்சியும் அதன் வழக்குகளும்

2003 நவம்பரில் வாங் லெதியன் என்ற இளைஞர் ஹான் மரபுடையை அணிந்து செங்சோ நகரத் தெருவில் நடந்தார். சிங்கப்பூரின் சீன நாளிதழ் லியன்ஹ சாவ்பாவ் அதைச் செய்தியாக்கியது. அந்த மரபுடையை மீட்க முனையும் ‘ஹான்ஃபூ’ இயக்கம் தன் தொடக்கமாக அந்த நாளைக் குறிப்பிடுகிறது. இயக்கத்துக்குள் அன்றில் இருந்தே இரண்டு கட்சி. அகழ்வில் கிடைத்த உடைக்கு ஒத்த வெட்டு இல்லையென்றால் ஏற்கமாட்டோம் என்பவர்கள் ஒரு பக்கம்; காலத்துக்கேற்ப மாற்றலாம் என்பவர்கள் மறுபக்கம். இன்னொரு சண்டை போலிகளைப் பற்றியது. ஒரு வடிவமைப்பாளர் உழைத்து வரைந்த கரையை வேறொரு கடை நகலெடுத்துக் கால்விலைக்கு விற்கும். அதை வாங்கி உடுத்தியவரைத் தெரிந்தே களவுக்குத் துணைபோனவர் என்று கூட்டத்தில் அவமானப்படுத்துவார்கள். சாவ் வட்டத்தின் வளர்ச்சியும் இந்தப் பின்னணியில்தான். மேடை உடையும் புகைப்பட நிலையங்களுக்கான பொருளும் செய்துகொண்டிருந்த ஊர்கள், இணைய வணிகத்தைப் பிடித்து ஹான்ஃபூவுக்குத் திரும்பின. விலை இறங்கியதால்தான் பாவாடை கல்லூரி மாணவியின் அலமாரிக்குள் வந்தது என்பதையும் மறுக்க முடியாது.

2022 ஜூலையில் வழக்கு நாட்டுக்கு வெளியே போனது. டியோர் நிறுவனம் 29,000 யுவான் விலையில் ஒரு கறுப்புப் பாவாடையை விற்றது. இரண்டு பாதி, நான்கு தட்டு, பக்கங்களில் மடிப்பு. நீளம் மட்டும் குறைவு. அதைத் தன் நிறுவனத்தின் அடையாள வடிவம் என்று விவரித்திருந்தது. பாரிஸில் ஷான்செலிசே கடை முன் சீன மாணவர்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சீனாவின் விற்பனைத் தளத்தில் இருந்து பாவாடை எடுக்கப்பட்டது. எதிர்ப்பாளர்களை மறுத்தவர்கள், மடிப்பும் சுற்றிக் கட்டுவதும் உலகப் பொதுச்சொத்து என்றார்கள். அது உண்மைதான், ஸ்காட்லாந்து கில்ட்டிலும் இரண்டும் உண்டு. ஆனால் ஒரே பட்டையில் ஏறும் இரண்டு பாதி, முன்னும் பின்னும் தட்டின்மேல் தட்டு என்ற சேர்க்கை பொதுச்சொத்து அல்ல. அதற்கு மிங் முதல் எழுத்துச் சான்றும் துணிச் சான்றும் இருக்கின்றன. எடுத்துக்கொண்டது குற்றமில்லை, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாததே குறை.

எதை வைத்து அளப்பது?

இந்தத் தீர்ப்பை ஒருபக்கமாக மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. வெட்டுதான் அடையாளம் என்று டியோரிடம் வாதாடினால், பாலியெஸ்டரில் தைத்த சாவ் வட்டத்துப் பாவாடையைப் போலி மரபு என்று தள்ளவும் முடியாது. நான்கு தட்டும் இரண்டு பாதியும் அதில் ஒழுங்காக இருக்கின்றன. மாறாக, தட்டு போன்ற ஒரு துண்டை முன்னால் ஒட்டிப் பின்னால் ஜிப் வைத்து மூடிய பாவாடை, தூய பட்டில் கையால் பூத்தைத்ததாக இருந்தாலும் இந்த வம்சத்தைச் சேராது. மிங் அளவே அசல் என்பவர்கள் சோங் காலத்துக் கழுதைச் சவாரிக்கும் மங்கோலிய அங்கிக்கும் இடம் விட்டாக வேண்டும். எடுத்ததைச் சொல்ல வேண்டும் என்ற விதியும் இருபுறம் வெட்டும். பாரிஸ் நிறுவனத்துக்கு அது பொருந்தினால், அடுத்த தெருக்காரர் வரைந்த கரையை நகலெடுக்கும் உள்ளூர்க் கடைக்கும் பொருந்தும்.

அருங்காட்சியகங்கள் பழைய பாவாடைகளின் முன்பக்கப் படத்தை மட்டும் வெளியிடாமல், பிரித்து விரித்த அளவு, மடிப்பின் ஆழம், உள்தட்டின் தையல், பட்டையின் துணி ஆகியவற்றையும் வெளியிட்டால் சச்சரவில் பாதி அடங்கும். தைப்பவர்களுக்குத் தேவைப்படுவதும் அதுதான். உடுத்துபவர்களுக்கோ லி யூ சொன்ன அளவுகோல் முந்நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் போதுமானதாக இருக்கிறது. பாவாடையைக் கட்டிக்கொண்டு நாலு படி வேகமாக ஏறிப் பார்க்க வேண்டும். கால் தடுக்கவில்லை, திறப்பும் தெரியவில்லை என்றால் தைத்தவர் மரபைப் புரிந்துகொண்டுதான் தைத்திருக்கிறார்.